மண்ணில் வாழும் கிருமி மனிதனைக் கொல்வது எப்போது?



கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தோட்டத்து மக்கள் வழக்கில் சொன்னால் 'டிரெசர்'. இவ்வாண்டு மலருக்கு உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலவையினர் கேட்டுக் கொண்டார்கள். வழக்கமாக எழுதப்படும் செய்திகளையே திரும்ப எழுதுவதைவிட, நம்மிடையே அதிகம் பேசப்படாத ஒரு நோயையும், அந்த நோயின் கிருமியைப் பற்றி அறிவியல் கண்டறிந்த ஓர் உண்மையையும் எடுத்துரைப்பது பயன்தரும் என்று தோன்றியது.

வெப்பமண்டல நாடுகளின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் ஒரு கிருமி வாழ்கிறது. மண்ணில் இருக்கும்வரை அது யாரையும் தேடி வருவதில்லை. செடியின் வேரடியில், சேற்றில், தன் பாட்டுக்குப் பிழைத்துக் கொண்டிருக்கிறது. அதே கிருமி ஒரு கீறல் வழியாக மனித உடலுக்குள் புகுந்துவிட்டால், சில நாட்களில் ஆளையே வீழ்த்திவிடவும் கூடும். மண்ணில் இருந்த கிருமியும் உடலுக்குள் இருக்கும் கிருமியும் ஒன்றே. அதன் மரபணுக்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்படியானால் மாறியது என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரங்கூனில் தொடங்கிய கதை

இந்நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். கிருமியின் பெயர் பர்க்கோல்டேரியா சூடோமாலியை. வாயில் நுழையாத பெயர்தான். ஆயினும் இதன் வரலாற்றில் நம் காதுக்குப் பழகிய ஒரு பெயரும் உண்டு.

1911ஆம் ஆண்டில் பர்மாவின் தலைநகராக இருந்த ரங்கூனில், ஆல்பிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற துணை மருத்துவரும், இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தபோது இதுவரை யாரும் விவரித்திராத ஒரு நோயைக் கண்டார்கள். நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க் கட்டிகள் இருந்தன. குதிரைகளுக்கு வரும் ஒரு கொடிய நோயின் கிருமியைப் போலத் தோன்றினாலும் இது வேறு கிருமி என்று அவர்கள் உணர்ந்தார்கள். 1912இல் இருவர் பெயரிலும் அக்கட்டுரை வெளிவந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஒரு புதிய நோயைக் கண்டறிந்த கட்டுரையில் கிருஷ்ணசாமி என்ற பெயரும் சேர்ந்து அச்சாகியிருப்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

அடுத்த அத்தியாயம் நம் நாட்டில் எழுதப்பட்டது. 1900இல் நிறுவப்பட்ட கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டாண்டன், பிளெட்சர் என்ற இரு மருத்துவர்கள் இந்நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். மெலியாய்டோசிஸ் என்று பெயர் சூட்டியவர்களும் அவர்களே. 1932இல் அவர்கள் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

நம் பகாங் மாநிலத்தில்

இது எங்கோ நடந்த பழங்கதை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. 2000 முதல் 2003 வரை பகாங்கில் இந்நோய் கண்ட பெரியவர்களைப் பற்றி மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஆண்டுக்கு, ஒரு லட்சம் பேரில் சுமார் ஆறு பேருக்கு இந்நோய் வந்திருந்தது. அப்படி வந்தவர்களில் நாலில் மூன்று பேர் இனிப்பு நீர் உள்ளவர்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டும் பாதிப் பேருக்கு மேல் பிழைக்கவில்லை.

2010ஆம் ஆண்டில் பகாங்கின் லுபோக் யூ நீர்வீழ்ச்சிப் பகுதியில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணியில் மீட்புப் படையினரும் ஊர் மக்களுமாக நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் ஈடுபட்டார்கள். தேடல் முடிந்த பிறகு பலருக்குக் காய்ச்சல் கண்டது. பத்துப் பேரின் உடலில் மெலியாய்டோசிஸ் கிருமி உறுதி செய்யப்பட்டது; அவர்களில் சிலருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்திருந்தது. எட்டு உயிர்கள் பறிபோயின. பிறர் உயிரைத் தேடி நீரில் இறங்கியவர்கள் தம் உயிரை இழந்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 165,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும், அவர்களில் 89,000 பேர் இறப்பதாகவும் 2016இல் ஒரு கணக்கீடு வெளிவந்தது. இந்தியாவும் இதற்கு விலக்கல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1990களிலேயே இதைப் பற்றி எச்சரித்து எழுதினார்கள். காசநோய் போலவும், நிமோனியா போலவும், சாதாரணக் கட்டி போலவும் வேடமிட்டு வருவதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

அந்த வேடத்தை நானும் பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலையில் இருந்த ஒருவர், மழைக்காலத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு கீழே சமவெளியில் இருந்த தம்பியின் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டப் போனார். இனிப்பு நீர் உள்ளவர். திரும்பி வந்த ஒரு வாரத்தில் குளிர் காய்ச்சல், மூச்சு வாங்கியது. லயத்திலிருந்து அவரைத் தூக்கி வந்தார்கள். அன்றே தோட்டத்து வண்டியில் ஏற்றி, தாப்பா சாலையின் வளைவுகளில் இறங்கி, பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர்கள் முயன்று பார்த்தார்கள். நான்காம் நாள் காலமானார். இரத்தத்தில் வளர்ந்த கிருமி இன்னதென்ற செய்தி வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கப் பல நாட்கள் ஆகும். அதற்குள் இக்கிருமி தன் வேலையை முடித்துவிடும்.

"இத்தனை காலமாக நாம் மிதித்து நடக்கும் மண்தானே டிரெசரையா, அது எப்படி ஆளைக் கொல்லும்?" என்று அவருடைய மனைவி என்னைக் கேட்டார். அன்று உலகில் யாரிடமும் அதற்கு முழுமையான விடை இல்லை. இன்று விடையின் ஒரு பகுதி கிடைத்திருக்கிறது.

புள்ளியில்லாத சுவடி

ஒவ்வோர் உயிருக்கும் டி.என்.ஏ. என்ற ஏடு உண்டு. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு அது. இக்கிருமியின் ஏட்டைப் பிரிட்டனில் உள்ள சாங்கர் நிலையத்தின் விஞ்ஞானிகள் முழுமையாகப் படித்து 2004இல் வெளியிட்டார்கள். மொத்தம் சுமார் 72 லட்சம் எழுத்துகள். இரண்டு தனித்தனி வளையங்களாக அமைந்துள்ளன. காசநோய்க் கிருமியின் ஏட்டில் சுமார் 44 லட்சம் எழுத்துகளே என்பதோடு ஒப்பிட்டால், மண்ணில் பிழைக்க இக்கிருமி எவ்வளவு கைச்சரக்கு வைத்திருக்கிறது என்பது விளங்கும்.

ஏடு முழுவதும் படித்தாயிற்றே, பின் என்ன குறை என்று கேட்கலாம். நம் பழைய ஓலைச்சுவடிகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; சொற்களுக்கு இடையே இடைவெளி இராது; மூலம் எது, உரை எது என்று பிரித்துக் காட்டும் அடையாளமும் பெரும்பாலும் இராது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிடுமுன் பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த பலர் அக்காலத்தில் இருந்தார்கள். பாட்டு எங்கே தொடங்குகிறது என்று காண்பதற்குத்தான் அவர் வேண்டியிருந்தது.

டி.என்.ஏ. ஏடும் அப்படித்தான். 72 லட்சம் எழுத்துகளும் இடைவெளியின்றி ஓடுகின்றன. அவற்றுள் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் அடங்கியுள்ளன. ஒரு மரபணு வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அதற்கு ஒரு நகல் எடுக்கப்பட வேண்டும். அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். இவ்வாறு நகல் எடுப்பதைப் படியெடுத்தல் என்பார்கள். நகல் எடுக்கப்படாத மரபணு, பெட்டியில் பூட்டி வைத்த பத்திரம் போன்றது; இருந்தும் இல்லாததே. எந்த மரபணுவின் நகல், எந்த எழுத்திலிருந்து, எந்தச் சூழ்நிலையில் தொடங்குகிறது என்பதே கிருமியின் நடத்தையைத் தீர்மானிக்கிறது.

நிரை பிடித்துக் கொடுக்கும் கங்காணி

நகல் எடுக்கும் பொறிக்கு ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்று பெயர். அது தானாக வந்து கண்ட இடத்தில் தொடங்கிவிடாது. அதற்கு வழிகாட்ட சிக்மா என்ற ஒரு புரதம் துணை வர வேண்டும்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட பின், கங்காணி ஆட்களை மலைக்கு அழைத்துச் சென்று, இது உன் நிரை, இங்கிருந்து பிடி என்று ஒவ்வொருவரையும் நிரையின் தலைப்பில் நிறுத்துவார். ஆள் கொழுந்து பறிக்கத் தொடங்கியதும் அவருக்கு அங்கே வேலை இல்லை; அடுத்த ஆளை நிறுத்தப் போய்விடுவார். சிக்மா செய்வதும் இதுவே. மரபணுவின் தொடக்கப் புள்ளிக்குச் சுமார் 10 எழுத்து முன்பும் 35 எழுத்து முன்பும் சில அடையாள எழுத்துகள் உண்டு. அவற்றைப் பார்த்துப் பொறியை அங்கே நிறுத்திவிட்டு, படியெடுத்தல் தொடங்கியதும் அது பெரும்பாலும் விலகிவிடுகிறது.

ஒரு கிருமிக்கு ஒரே கங்காணி இல்லை. சாதாரண நாளுக்கு ஒருவர். பட்டினி நாளுக்கு ஒருவர். வெப்பம் ஏறினால் இன்னொருவர். எவர் வருகிறாரோ அவர் காட்டும் நிரைகளிலேயே வேலை நடக்கும். அவர்களுக்கு மேல், வாசலில் நின்று வழிவிடும் புரதங்களும், வழிமறிக்கும் புரதங்களும் உண்டு. இவை யாவும் கூடும் இடம் தொடக்கப் புள்ளிக்கு அருகேதான். ஆகவே தொடக்கப் புள்ளி தெரிந்தால் அதற்குச் சற்று முன்னே உள்ள விசையும் தெரிந்துவிடும். தொடக்கம் தெரியாவிட்டால் விசையைத் தேடுவது இருட்டு அறையில் விளக்குச் சுவிட்சைத் தடவுவது போலாகும்.

பூச்சரத்தின் முதல் முடிச்சு

தொடக்கப் புள்ளியைக் கண்டுபிடிப்பது எப்படி? கிருமியிலிருந்து ஆர்.என்.ஏ. நகல்களைப் பிரித்தெடுத்தால், முழு நகல்களும் உடைந்த துண்டுகளும் கலந்தே கிடைக்கும். ஒரு துண்டின் முனையைப் பார்த்து, இது உண்மையான தொடக்கமா, நடுவில் அறுந்த இடமா என்று சொல்ல முடியாது.

இதற்கு விஞ்ஞானிகள் கையாண்ட உபாயம் மிக அழகானது. கோயிலுக்குப் பூத்தொடுக்கும் தாய்மார்களை எண்ணிக் கொள்ளுங்கள். சரம் தொடங்கும்போது நாரின் தலைப்பில் மூன்று முடிச்சுப் போட்டுத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். பிறகு சரத்தை எங்கே அறுத்தாலும், அறுத்த துண்டின் தலைப்பில் அந்த மூன்று முடிச்சு இராது. ஆர்.என்.ஏ. நகலும் அப்படியே. புதிதாகத் தொடங்கிய நகலின் தலையில் மூன்று பாஸ்பேட்டுகள் இருக்கும். அறுந்த துண்டின் தலையில் ஒன்று இருக்கலாம், மூன்று இராது. தலையில் ஒரே பாஸ்பேட் உள்ள துண்டுகளை மட்டும் தின்று தீர்க்கும் ஒரு நொதி உண்டு. நகல்களில் ஒரு பாதியை அந்த நொதியில் இட்டு, மறுபாதியை அப்படியே வைத்து, இரண்டையும் படித்து ஒப்பிட்டால், நொதிக்குத் தப்பிய நகல்கள் எந்த எழுத்தில் வந்து குவிகின்றனவோ அதுவே உண்மையான தொடக்கம்.

ஜெர்மனியில் சிந்தியா சர்மா, யோர்க் போகல் ஆகியோர் அடங்கிய குழு, வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியில் இம்முறையைக் கையாண்டு 2010இல் முடிவை வெளியிட்டது. சுமார் 16 லட்சத்து 70 ஆயிரம் எழுத்துகள் கொண்ட அச்சிறிய ஏட்டில் 1,900க்கும் மேற்பட்ட தொடக்கப் புள்ளிகள் தெரியவந்தன. மரபணுவே இல்லை என்று எண்ணியிருந்த இடங்களிலும், மரபணுவின் மறுபக்கத்திலும் நகல்கள் தொடங்கிக் கொண்டிருந்தன. புரதம் எதையும் செய்யாமல், பிற நகல்களை அடக்கி ஆளக்கூடிய சிறு ஆர்.என்.ஏ.க்கள் சுமார் அறுபது கண்டறியப்பட்டன.

2013இல் காசநோய்க் கிருமிக்கும் இத்தகைய வரைபடம் கிடைத்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் புள்ளிகள் அதில் குறிக்கப்பட்டன. அக்கிருமியின் மரபணுக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, முன்னுரை ஏதுமின்றி, படியெடுக்கத் தொடங்கும் எழுத்திலேயே புரதச் செய்தியையும் தொடங்கிவிடுகின்றன என்பது அதிலிருந்து தெரிந்தது. பல கிருமிகளில் இது அரிது.

தொடக்கத்துக்கு இவ்வளவு முக்கியம் ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ஒரு மாத்திரையை. காசநோய்க்கு நாம் கொடுத்து வரும் ரிபாம்பிசின் என்ற மருந்து, படியெடுக்கும் பொறியின் வாயை அடைத்து, இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் நகல் நீளாதபடி தடுத்து நிறுத்துகிறது. தோட்டத்து மருந்தகத்தில் பல ஆண்டுகள் அந்தச் செந்நிற மருந்தை என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அது கிருமியைத் தொடக்கத்திலேயே மடக்குகிறது என்பதை ஓய்வு பெற்ற பிறகே விரிவாகப் படித்தறிந்தேன். எத்தனையோ பேரை அது பிழைக்க வைத்திருக்கிறது.

மண் கிருமியின் வரைபடம்

இனி நம் மண் கிருமிக்கு வருவோம். சிங்கப்பூர் மரபணு ஆய்வுக் கழகத்தில் பேட்ரிக் டான் தலைமையிலான குழு, பல நாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 2013இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. இவர்கள் கையாண்டது மேலே சொன்ன நொதி முறையன்று. ஏடு முழுவதையும் ஓடு வேய்வதுபோல் சிறு சிறு துண்டுகளால் மூடி, எந்தப் பகுதிக்கு நகல் எடுக்கப்படுகிறது என்று பார்க்கும் முறை. எழுத்து எழுத்தாகத் துல்லியம் சொல்லாவிட்டாலும், நகல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஏடு முழுவதற்கும் காட்டவல்லது.

அவர்கள் ஒரே சூழ்நிலையில் கிருமியை வைத்துப் பார்த்ததோடு நிற்கவில்லை. உணவு குறைந்த நிலை, உப்பு மிகுந்த நிலை, வெப்பம், வேதிப் பொருள்கள், உயிர் உடலின் உள்ளே என்று எண்பதுக்கும் மேற்பட்ட சூழ்நிலைகளில் அதை வைத்து, ஒவ்வொன்றிலும் எந்த நிரையில் வேலை நடக்கிறது என்று பார்த்தார்கள். 5,467 மரபணுக்கள் உண்மையில் படியெடுக்கப்படுவது உறுதியாயிற்று. புரதம் செய்யாத 766 ஆர்.என்.ஏ.க்களும் வெளிப்பட்டன.

இரண்டு வளையங்கள் என்று முன்னர் சொன்னேன் அல்லவா? அவை இரண்டும் நடந்து கொள்ளும் விதம் முற்றிலும் வேறாக இருந்தது. முதல் வளையத்து மரபணுக்கள் எந்தச் சூழ்நிலையிலும் ஓயாமல் வேலை செய்தன. நாள்தோறும் அடுப்பெரியும் சமையலறை போன்றது அது. இரண்டாவது வளையமோ திருவிழாச் சாமான்கள் அடுக்கிய அறை போன்றது. இந்த விழாவுக்கு இந்தப் பெட்டி, அந்த விழாவுக்கு அந்தப் பெட்டி என்பதுபோல், சூழ்நிலைக்கேற்ப அங்கும் இங்குமாகச் சில தொகுதிகள் மட்டும் விழித்தன.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மனிதனைத் தாக்க உதவும் மரபணுக்களில் கணிசமான பகுதி, மனித உடலையே காணாமல், ஆய்வுக் கூடத்துக் குடுவையில் குறிப்பிட்ட சில சூழ்நிலைகள் அமைந்தாலே விழித்துக் கொண்டது. இதன் பொருள் என்ன? மண்ணில் பட்டினியையும் பகைவர்களையும் சமாளிக்கக் கிருமி வைத்திருக்கும் கருவிகளே, நம் உடலுக்குள் வந்ததும் ஆயுதங்களாகி விடுகின்றன. மனிதனைக் கொல்ல வேண்டுமென்று அது பிறக்கவில்லை. தற்செயலாக நோய் தரும் கிருமி என்றே அந்த ஆய்வாளர்கள் அதைக் குறிப்பிட்டார்கள்.

தம் கணவரை இழந்த அந்த அம்மாளின் கேள்விக்கு இதுவே விடை. மண் மாறவில்லை, கிருமியின் எழுத்தும் மாறவில்லை. படிக்கத் தொடங்கும் இடம் மாறியது.

இந்த வரைபடம் கிடைத்தவுடன் நோய்க்குப் புது மருந்து கைக்கு வந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இந்நோய்க்குப் பொதுமக்களுக்கான தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆனால் கிருமியின் எந்த விசையை அடைத்தால் அது ஆயுதம் எடுக்காது, நோயாளியின் இரத்தத்தில் எந்த நகலைத் தேடினால் விரைவில் கண்டுபிடிக்கலாம், நெடுங்காலம் உடலுக்குள் எப்படி உறங்குகிறது என்ற கேள்விகளை இனி இருட்டில் தடவாமல் கேட்க முடியும். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் சிறைப்பட்டிருந்த ஓர் அமெரிக்கருக்கு 62 ஆண்டுகள் கழித்து இந்நோய் வெளிப்பட்டதாக 2005இல் ஓர் அறிக்கை வந்தது. அத்தனை ஆண்டுகள் அந்தக் கிருமி எந்தெந்த மரபணுக்களை மூடி வைத்து உயிரோடு இருந்தது? ஆராய்ச்சியாளர்கள் இன்றும் தேடிக் கொண்டிருக்கும் விடை இது.

நாம் செய்ய வேண்டியவை

கிருமி எந்த மரபணுவை விழிக்க வைக்கும் என்பது நம் கையில் இல்லை. அது எந்த உடலில் வந்து இறங்கும் என்பது பெருமளவு நம் கையில் உள்ளது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு. நம் சமூகத்துக்கு இந்நோயின் வாசல் அகலத் திறந்திருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே கீழ்க்காணும் சிலவற்றை அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்யும்போது பூட்ஸும் கையுறையும் அணிய வேண்டும். காய்கறித் தோட்டத்துக்கும், வீட்டுப் பூச்செடிக்கும், வெள்ளம் வடிந்தபின் வீட்டைக் கழுவுவதற்கும் இது பொருந்தும். அட்டை கடித்த புண், முள் கீறல், பாத வெடிப்பு ஆகியவற்றை மூடிக் கட்டிக்கொண்டே மண்ணில் இறங்க வேண்டும். நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும்.

இரண்டாவது, இனிப்பு நீர் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களும் மது அருந்தும் பழக்கம் உள்ளவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, காய்ச்சல் கண்டு மருத்துவரிடம் போனால், "எனக்கு இனிப்பு நீர் உண்டு, அண்மையில் சேற்றில் வேலை செய்தேன்" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பென்சிலின் போன்ற வழக்கமான சில மருந்துகளுக்கு இக்கிருமி மசியாது. செப்டாசிடிம் என்ற ஊசி மருந்தைக் கொடுத்தபோது, கடுமையாக நோயுற்றவர்களிடையே இறப்பு 74 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாகக் குறைந்ததை, தாய்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 1989இல் காட்டியது. சரியான மருந்தைச் சரியான நாளில் தொடங்க, நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் உதவக்கூடும்.

நான்காவது, ஊசி முடிந்து வீடு திரும்பிய பிறகு குறைந்தது மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். உடம்பு தேறிவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால், உறங்கும் கிருமி மீண்டும் விழித்துக் கொள்ளும்.

இன்று எங்கள் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன்மார்கள் ஒரு காலத்தில் கப்பலேறி வந்தது போலவே அவர்களும் வந்திருக்கிறார்கள். கோயிலுக்கு அருகே, கடைத்தெருவில், தோட்டத்தில் அவர்களைக் காணும்போது இச்செய்தியை அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். கிருமிக்கு மொழியும் மதமும் தெரியாது. நம் அக்கறையும் அப்படி இருக்க வேண்டும்.

ரங்கூனில் கிருஷ்ணசாமி உருப்பெருக்கியில் கண்ட கிருமியின் ஏட்டை, நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கே படிக்கத் தொடங்க வேண்டும் என்று மனிதர் அறியத் தொடங்கியிருக்கிறார்கள். மீதியைப் படிக்க நம் பிள்ளைகளும் வர வேண்டும். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் ஆர்வம் காட்டும் ஒரு பிள்ளையைக் கண்டால், இந்தக் கதையை அப்பிள்ளைக்குச் சொல்லுங்கள் என்று அன்புடன் கேட்டுக் கொள்கிறேன்.

அனைவரும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் பெற்று நீடு வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.